ஒன்றரை வயது மகனுக்கு நத்தார் பரிசு: பற்றரிக் கார் வேண்டாம்

உங்கள் ஒன்றரை வயது மகனுக்கு நத்தாருக்கு என்ன வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். கைபிடியுள்ள மரத் தள்ளுவண்டி வாங்குங்கள். முன்பு கிடைத்த பற்றரிக் காரை அவன் இரண்டே நாளில் தூக்கி எறிந்துவிட்டான் என்கிறீர்கள். பொத்தானை அமத்தினால் கார்தான் ஓடுகிறது, பிள்ளைக்கு அதில் வேலையில்லை. இந்த வயதில் தள்ள, நிரப்ப, கொட்டத்தான் கை துறுதுறுக்கும்.

புறக்கோட்டைக் கடையிலேயே கைபிடியைக் கீழ்நோக்கி அழுத்திப் பாருங்கள். முன்சில்லு மேலெழும்பினால், அவன் பிடித்து எழும்பும்போது வண்டி அவன்மேல் சாயும். முன்பக்கம் இரண்டு கிலோ அரிசிப் பை வைத்தும் எழும்பினால் அதை விட்டுவிடுங்கள். உங்கள் வெள்ளவத்தை மாடிவீட்டு டைல்ஸ் தரைக்கு ரப்பர் பட்டி போட்ட சில்லுதான் நல்லது. வெறும் பிளாஸ்டிக் வழுக்கிக்கொண்டு ஓடும்.

பாட்டுப் பாடும் சாமான் யாராவது தந்தால், பற்றரி மூடிக்குத் திருகாணி இருக்கிறதா பாருங்கள். உள்ளே இருக்கும் பொத்தான் பற்றரியை (சட்டைப் பொத்தான் போன்ற சின்ன வட்டப் பற்றரி) பிள்ளை எடுத்து விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே பொரளை சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடுங்கள்.