நீதிமன்ற ஆவணக் கட்டைப் பார்க்காமல் வழக்குப் போடாதீர்கள்

கேள்வி: என் அப்பா 2019-இல் காலமானார். அம்மா அவருக்கு முன்பே போய்விட்டார். வாரிசுகள் நானும் அண்ணனும் மட்டுமே. அப்பா தன் சம்பளத்தில் மயிலாப்பூரில் மனை வாங்கிக் கட்டிய வீட்டை, 2014-இல் பதிவு செய்த உயிலின்படி முழுவதும் தனக்கே எழுதிவைத்தார் என்று சொல்லி, அண்ணன் சென்னை உயர் நீதிமன்றத்தில் புரொபேட் (உயில் மெய்யானது என்று நீதிமன்றம் தரும் சான்று) வாங்கிவிட்டார். உத்தரவு வந்து இரண்டரை ஆண்டு ஆகிறது. எனக்குத் தெரிந்தது போன மாதம்தான், சித்தப்பா மகன் அனுப்பிய நகலைப் பார்த்து. “மகளுக்குச் செய்ய வேண்டியதைத் திருமணத்தின்போதே செய்துவிட்டேன்” என்று அதில் இருக்கிறது. அது பச்சைப் பொய். கடைசி இரண்டு ஆண்டுகள் கோயம்புத்தூரில் என் வீட்டில் வைத்து அப்பாவைப் பார்த்துக்கொண்டவள் நான். அண்ணன் என் மகள் திருமணத்துக்குத் தாய்மாமன் சீர்கூடச் செய்யவில்லை. 2021-இல் வீட்டு வரிப் பெயர் மாற்றத்துக்கு என்று சொல்லி இரண்டு தாள்களில் என்னிடம் நோட்டரி முன் கையெழுத்து வாங்கினார். இப்போது அடுக்குமாடி கட்ட ஒரு பில்டரிடம் பேசி வருகிறார். எனக்குப் பங்கு கிடைக்குமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது கடைசியை ஒட்டிய ஒரு வரி: நோட்டரி முன் நீங்கள் கையெழுத்திட்ட அந்த இரண்டு தாள்கள். அப்பாவைப் பார்த்துக்கொண்டது, சீர் வராதது, திருமணத்தில் யார் எவ்வளவு செலவழித்தார்கள் என்பது எதையும் எந்த நீதிபதியும் கேட்கப் போவதில்லை. தன் சம்பாத்தியத்தில் வந்த சொத்தை ஒருவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், காரணமே சொல்லாமலும் எழுதலாம். உயிலில் உள்ள அந்த வாசகம் பொய்யாகவே இருந்தாலும் அதனால் உயில் செல்லாததாகிவிடாது. சொல்லப்போனால் அந்த வரி அண்ணனுக்குத்தான் உதவும். மகளை மறந்து எழுதவில்லை, நினைத்துத்தான் எழுதினார் என்று அவருடைய வழக்கறிஞர் காட்டுவார்.

எனவே கேட்க வேண்டிய கேள்வி, அந்த புரொபேட் மனுவில் நீங்கள் எப்படிக் காட்டப்பட்டிருக்கிறீர்கள் என்பதே. பதில் உயர் நீதிமன்றப் பதிவறையில், அந்த மனுவின் ஓ.பி. (ஒரிஜினல் பெட்டிஷன்) எண்ணுக்குரிய ஆவணக் கட்டுக்குள் இருக்கிறது. எண் உங்கள் கையிலுள்ள நகலிலேயே இருக்கும். இல்லையென்றாலும் அப்பா பெயர், அண்ணன் பெயர், ஆண்டு இவற்றை வைத்து நீதிமன்றத்தின் வழக்கு நிலைத் தேடலில் எடுத்துவிடலாம்.

எடுக்க வேண்டியது உத்தரவின் நகல் மட்டும் இல்லை, முழுக் கட்டும். மனு, அதில் எதிர்மனுதாரர்கள் பெயரும் முகவரியும், சாட்சிக் கையெழுத்திட்டவரின் பிரமாணப் பத்திரம், உங்களுக்கு அறிவிப்பு போனதாகச் சொல்லும் பதிவு, பத்திரிகை விளம்பரம் கொடுத்திருந்தால் அது, புரொபேட் தர ஆட்சேபம் இல்லை என்று உங்கள் பெயரில் ஏதாவது சம்மதப் பிரமாணப் பத்திரம் இருந்தால் அதுவும். நீங்கள் அந்த மனுவில் கட்சிக்காரராக இருந்தால் சான்றிட்ட நகல் உங்கள் உரிமை. பெயரே இல்லையென்றால் மூன்றாம் நபராக, காரணம் சொல்லி மனுவும் பிரமாணப் பத்திரமும் போட்டு அனுமதி வாங்க வேண்டும். இதற்குப் பலர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். வழக்கு ஆவணங்களின் நகலை அந்தந்த உயர் நீதிமன்ற விதிகளின்படிதான் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இலேயே சொல்லிவிட்டது. உயிலின் பதிவு நகலைத் தனியாக எடுங்கள். வில்லங்கச் சான்றில் அது வராது, ஏனென்றால் உயில் ஏறுவது சார்பதிவாளரின் மூன்றாம் புத்தகம் என்ற தனிப் பதிவேட்டில். எழுதியவர் இறந்த பிறகு அதன் நகலை யார் கேட்டாலும் தர வேண்டும்.

அந்தக் கட்டுக்குள் இந்த மூன்றில் ஒன்று இருக்கும்.

உங்கள் பெயரே மனுவில் இல்லை, அண்ணன் தன்னை ஒரே வாரிசாகக் காட்டியிருக்கிறார் என்றால் உங்கள் நிலை வலுவானது. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன் 263-ஆம் பிரிவில், நீதிமன்றத்திடம் முக்கியமான செய்தியை மறைத்து வாங்கிய புரொபேட்டை ரத்து செய்யக் கேட்கலாம். அழைக்க வேண்டியவர்களை அழைக்காமல் வழங்கியதும் அதே பிரிவில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

பெயர் இருக்கிறது, முகவரி மட்டும் மயிலாப்பூர் வீடு என்றால் நடுத்தரம். கோயம்புத்தூரில் வாழும் தங்கைக்குப் போக வேண்டிய அறிவிப்பை அண்ணன் வீட்டிலேயே யாரோ வாங்கிக்கொள்வதும், பிறகு பத்திரிகையில் ஒரு சிறு விளம்பரம் கொடுத்து முடித்துவிடுவதும் நடக்காத கதை இல்லை. உங்கள் ஆதார் அட்டை, வாக்காளர் அடையாள அட்டை, குடும்ப அட்டை எல்லாம் அந்த ஆண்டுகளில் எந்த முகவரியில் இருந்தன என்பதை வைத்து இதை உடைக்க முடியும்.

மூன்றாவது, உங்கள் சம்மதப் பிரமாணப் பத்திரம். நீங்கள் வீட்டு வரி என்று நினைத்துக் கையெழுத்திட்ட இரண்டு தாள்கள் இதுவாக இருக்கவே அதிக வாய்ப்பு என்று எனக்குப் படுகிறது. வரிப் பெயர் மாற்றத்துக்கு என்று வாங்கிய தாள் புரொபேட் கட்டில் வந்து கிடப்பதைக் கண்டிருக்கிறேன்.

கட்சிக்காரர்கள் விழுகிற குழி இங்கேதான் இருக்கிறது. கட்டைப் பார்க்காமலேயே, கோபம் ஆறுவதற்குள் வழக்குப் போடுகிறார்கள். “எனக்கு எதுவும் தெரியாது, எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை, உயில் போலி” என்று சத்தியம் செய்து மனுத் தாக்கல் செய்கிறார்கள். எதிர்த்தரப்பு அடுத்த வாய்தாவில் சம்மதப் பிரமாணப் பத்திரத்தை நீட்டுகிறது. கையெழுத்து உங்களுடையது, தேதியும் நோட்டரியும் உண்மை. அதற்குப் பிறகு “வரிக்கு என்று சொல்லி ஏமாற்றினார்” என்று மாற்றிப் பேசினால் யார் நம்புவார்கள்? அந்த ஏமாற்றுதான் உண்மை என்றாலும், முதல் மனுவில் சொல்லாததால் அது பின்யோசனையாகிவிடும். கையெழுத்துப் போட்டதை ஒப்புக்கொண்டு, எந்தச் சூழலில் யார் என்ன சொல்லி வாங்கினார், தாளில் என்ன மொழியில் எழுதியிருந்தது, நோட்டரி படித்துக் காட்டினாரா என்பதை முதல் மனுவிலேயே எழுதியவர்களுக்கு ஓரளவு வழி உண்டு. மறுத்துவிட்டுப் பிறகு விளக்கியவர்களுக்கு இல்லை.

காவல்துறையின் நில அபகரிப்புப் பிரிவில் புகார் கொடுக்கலாமா என்று உங்கள் சித்தப்பா மகன் யோசனை சொல்லக்கூடும். வேண்டாம். நீதிமன்றம் கொடுத்த புரொபேட்டைக் காட்டியதும் இது சிவில் விவகாரம் என்று முடித்துவிடுவார்கள். ஆனால் ஆத்திரத்தில் நீங்கள் அங்கே எழுதிக் கொடுத்த வாக்குமூலம் தேதியோடு பதிவில் நிற்கும். அதிலுள்ள ஒவ்வொரு வரியையும் வைத்து உங்களைக் குறுக்கு விசாரணை செய்வார்கள்.

பாகப்பிரிவினை வழக்கும் இப்போது வேண்டாம். புரொபேட் என்பது எல்லோரையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பு. அது நிற்கும்வரை உயில் உண்மையா பொய்யா என்பதை வேறொரு சிவில் நீதிமன்றம் தொடாது. பாகத்தின் மதிப்புக்கு நீதிமன்றக் கட்டணம் கட்டி, வழக்கு நிராகரிக்கப்பட்டு, அதற்குள் உரிய மனுவுக்கான காலமும் போய்விட்டால், தவறான நீதிமன்றத்தில் கழிந்த காலத்தைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று காலவரையறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு கெஞ்ச வேண்டியிருக்கும். “பூர்வீகச் சொத்து” என்று எழுதினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். சொத்தின் உரிமையை புரொபேட் நீதிமன்றம் முடிவு செய்வதில்லை என்பதால், உண்மையிலேயே தாத்தா வழிச் சொத்து என்றால் அது சரியான வழி. உங்கள் அப்பா தன் சம்பளத்தில் வாங்கியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை மாற்றி எழுதாதீர்கள்.

காலத்தைப் பற்றி. ரத்து மனுவுக்கு காலவரையறைச் சட்டத்தின் 137-ஆம் உறுப்புப்படி மூன்று ஆண்டு. “எனக்குப் போன மாதம்தானே தெரியும், இன்னும் மூன்று ஆண்டு இருக்கிறதே” என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். லினெட் பெர்னாண்டஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017-இல் இந்தக் கணக்கை, அறிந்த நாளிலிருந்து அல்ல, புரொபேட் வழங்கிய நாளிலிருந்தே எடுத்தது. மோசடியால் மறைக்கப்பட்டது என்று நிறுவினால் காலம் நீளக்கூடும். ஆனால் அதை நிறுவும் சுமை உங்கள் தலையில், அதுவும் சம்மதப் பத்திரம் கட்டில் இருக்கும்போது. ஆகவே உங்களுக்கு மீதி இருப்பது ஆறு மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நகல் மனுவை இந்த வாரமே போடுங்கள்.

இனி யாரும் உங்களிடம் சொல்ல விரும்பாத பகுதி. ரத்து மனுவில் நீங்கள் ஜெயித்தாலும் வீட்டில் பாதி வந்துவிடாது. வழக்கு மறுபடி திறக்கும், அவ்வளவுதான். அண்ணன் உயிலை முதலிலிருந்து மெய்ப்பிக்க வேண்டும், சாட்சிக் கையெழுத்திட்டவர்களில் ஒருவராவது கூண்டில் ஏற வேண்டும். அதில் அவர் தோற்றால்தான் உங்களுக்குப் பாதி. அவர் தோற்பாரா? பதிவு செய்த உயில். எழுதிய பிறகு அப்பா ஐந்து ஆண்டு உயிரோடு இருந்திருக்கிறார், மாற்ற நினைத்திருந்தால் மாற்றியிருக்கலாம். அதில் இரண்டு ஆண்டு உங்கள் வீட்டிலேயே இருந்தார் என்பது உங்களுக்கு எதிராகத்தான் போகும். அண்ணனின் பிடியில் இருந்தார் என்று சொல்ல முடியாது பாருங்கள். பதிவு செய்ததால் மட்டும் உயில் உண்மையாகிவிடாது, சந்தேகமான சூழல்களை விலக்க வேண்டியது உயிலைக் கொண்டுவருபவரின் கடமை என்பது 1959-இல் இருந்து நிலைத்த சட்டம். ஆனால் உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு சூழலும் எனக்குத் தென்படவில்லை. அப்பாவின் கையெழுத்தைப் பற்றிக்கூட நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. அறிவிப்பு அனுப்பாததை மட்டும் பிடித்துக்கொண்டால் போதாது. உயில் உண்மையானது என்றால் அந்தக் குறை ஒன்றுக்காக மட்டும் புரொபேட்டை ரத்து செய்தே தீர வேண்டியதில்லை என்று 1955-இலேயே அனில் பிஹாரி கோஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எனவே என் யோசனை சமரசம். உங்கள் பிடி உயிலில் இல்லை, பில்டரில் இருக்கிறது. நிலுவையில் ஒரு ரத்து மனு இருக்கும் மனையில் எந்த பில்டரும் பணத்தை இறக்கத் தயங்குவார், அவருக்குக் கடன் தரும் வங்கி இன்னும் தயங்கும். அண்ணனுக்கு இப்போது தேவை வேகம், உங்களுக்குத் தேவை தொகை. கூட்டுக் கட்டுமான ஒப்பந்தம் கையெழுத்தாகிப் புதிய ஃபிளாட்டுகளுக்கு முன்பணம் வாங்கிய பிறகு, அந்தப் பேரம் பேசும் வலிமை உங்களிடம் இருக்காது. உங்கள் எதிரில் நிற்பவர்கள் விலை கொடுத்து வாங்கிய அந்நியர்களாகிவிடுவார்கள்.

வரிசை மாறக்கூடாது. முதலில் கட்டின் நகல், அடுத்து ஆறு மாதத்துக்குள் உண்மையை மட்டும் எழுதிய ரத்து மனு, அதன்பின் பேச்சுவார்த்தை. பெரியவர்களை வைத்துப் பேசிக்கொண்டிருக்கும் நாட்களுக்காகக் காலவரையறைக் கடிகாரம் நிற்காது. “பேசித் தீர்த்துக்கொள்வோம், கோர்ட்டுக்குப் போகாதே” என்று மூன்றாம் ஆண்டு முடியும்வரை இழுத்துவிட்டு, முடிந்த மறுநாளே முகம் மாறிய உடன்பிறப்புகளைப் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு கேட்கலாம்? பாதி கேட்டால் பேச்சு அன்றோடு முடியும். வழக்கு பல ஆண்டு இழுத்தால் அண்ணன் இழக்கப்போவது எவ்வளவு என்று பில்டரின் கணக்கை வைத்துப் பாருங்கள். அதில் ஒரு பகுதிதான் உங்கள் தொகை. சம்மதப் பத்திரம் கட்டில் இருந்தால் அது இன்னும் குறையும். மனமில்லாமல்தான் சம்மதிப்பீர்கள், தெரியும்.

சமரசத்தை இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். ரத்து மனுவிலேயே உடன்படிக்கையாகத் தாக்கல் செய்து நீதிமன்றத்தில் பதிவாக்குங்கள். உங்கள் உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை அண்ணன் கேட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து கொடுங்கள், வரைவோலை கைக்கு வந்த பிறகு. “கட்டி முடித்ததும் உனக்கு ஒரு ஃபிளாட்” என்று அண்ணன் சொன்னால், பில்டருடன் போடும் ஒப்பந்தத்தில் உங்களையும் ஒரு தரப்பாகச் சேர்த்து, எந்தத் தளம், எத்தனை சதுர அடி என்று எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் ஃபிளாட்டை விட்டுவிட்டுப் பணமாகவே வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டரி முன் இனி எந்தத் தாளிலும், என்ன காரணம் சொன்னாலும், உங்கள் வழக்கறிஞர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.