ஊர் ஏற்பதும் பதிவேடு ஏற்பதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்பெயினில் கம்பீயோ தே ரானாஸ் என்ற சிற்றூரைப் பற்றிப் படித்தேன். பிற ஊர் மேயர்கள் மறுத்த தன்பாலினத் திருமணங்களை அங்கே நடத்திவைத்தார்களாம். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில் மக்கள் மனம் எப்படி மாறியது? ஊரே ஏற்றுக்கொண்டபின் சட்டமெல்லாம் இரண்டாம்பட்சம்தானே?

நித்யா

அன்புள்ள நித்யா,

உங்கள் கடைசி வரிக்காகவே எழுதுகிறேன். சில நாட்களாக மனதில் ஓடுவதும் அதுதான்.

குவாதலஹாரா மலைப்பகுதியில் கறுப்புப் பலகைக்கல் வீடுகள் கொண்ட குட்டி ஊர் அது. அப்போது மேயராக இருந்த பிரான்சிஸ்கோ மரோத்தோ தன்பாலீர்ப்பாளர். 2005 ஜூலையில் தன்பாலினத் திருமணச் சட்டம் அமலானதும் சில மேயர்கள் மனசாட்சி என்று சொல்லி ஒதுங்கினார்கள், இவர் நடத்திவைத்தார். கல்யாணக் கூட்டத்தால் விடுதிக்கும் உணவகத்துக்கும் வியாபாரம் வந்தது. மனமாற்றத்தில் அதற்கும் பங்குண்டு. அதைக் கேவலமாக நினைக்காதீர்கள்.

ஆனால் 'சட்டம் இரண்டாம்பட்சம்' என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! இருவர் இருபது வருடம் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள், ஊரே தம்பதி என்கிறது என்று வையுங்கள். ஒருவர் இறந்தால், துணையை இழந்த மற்றவருக்கான ஓய்வூதியத்துக்கு ஊரின் அன்பு சாட்சியாகாது. திருமணமாகாத துணை என்றால் இரண்டு நிபந்தனை: இறப்புக்குக் குறைந்தது 2 ஆண்டு முன்பே துணைவர் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும், அல்லது அதே அளவு முன்பே நோட்டரி பத்திரம் எழுதியிருக்க வேண்டும். அதோடு 5 ஆண்டு தொடர்ந்து சேர்ந்து வாழ்ந்ததும் நிரூபணமாக வேண்டும். பொதுவான பிள்ளை இருந்தால் இந்த 5 ஆண்டு தேவையில்லை. பலர் ஏமாறுவது 'பத்ரோன்' எனும் நகராட்சிக் குடியிருப்போர் பதிவில்தான். இருவர் பெயரும் ஒரே முகவரியில் இருக்கிறதே, போதாதா என்று நினைக்கிறார்கள். போதாது. அது சேர்ந்து குடியிருந்ததைக் காட்டும், துணைவர் என்பதைக் காட்டாது. பதிந்து 23 மாதத்தில் இறந்தாலும் கிடைக்காது. மணமானவருக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. முன்பே இருந்த நோயால் ஓராண்டுக்குள் இறந்தால் மட்டும் சிக்கல் வரலாம்.

பிள்ளை விஷயம் இப்போது எளிது. முன்பு இரு பெண்களும் மணமானவர்களாக இருந்தால்தான் பெறாத தாயின் பெயர் பதிவாகும். 2023 சட்டத்துக்குப் பின், பிறப்புப் பதிவின்போது அவர் படிவத்தில் அறிவித்துக் கையெழுத்திட்டால் போதும். மருத்துவமனையிலிருந்தே 72 மணி நேரத்துக்குள் முடிக்கலாம். தவறினால் பிறந்த 10 நாளுக்குள் பதிவகத்தில் செய்யலாம்.

உள்ளூர் மேயர் முகம் சுளித்தாலும் திருமணம் நிற்காது. பிறப்புச் சான்று, குடியிருப்புச் சான்று, மணநிலைச் சான்றோடு முதலில் திருமண விண்ணப்பக் கோப்புக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். அதன்பின் ஓராண்டுக்குள், இரண்டு சாட்சிகளோடு வேறு ஊர் மேயர் முன்னிலையிலும் நடத்தலாம். வெளியூர் இணைகள் கம்பீயோவுக்கு வந்து மணமுடித்ததும் இப்படித்தான்.