இரண்டடித் தொட்டியில் எத்தனை மீன் விடலாம்?

என்ன மீன் என்று கேட்காமலே யாராவது எண்ணிக்கை சொன்னால் நம்பாதீர்கள். நான் நம்பினேன்.

என் முதல் தொட்டியும் உங்களுடையதைப் போல இரண்டடி நீளம். அகலமும் உயரமும் ஓரடி. கணக்குப்படி 56 லிட்டர். அடியில் கல், மேலே விடும் இடைவெளி போக 45 லிட்டர்தான் நின்றது. "பன்னிரண்டு தாராளமா விடலாம் சார்" என்றார் கடைக்காரர். விரல் நீள கோல்டு பிஷ் பன்னிரண்டை வாங்கி அன்று மாலையே விட்டேன். பத்தாம் நாள் மிஞ்சியவை மூன்று.

தண்ணீரோ பளிங்கு மாதிரி இருந்தது. மீன் செவுள் வழியாக வெளியேற்றும் அம்மோனியா என்ற நச்சு கண்ணுக்குத் தெரியாதே! அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பில்டர் பஞ்சில் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்குள் நான் ஒரு பட்டாளத்தையே இறக்கிவிட்டேன்.

கேலனுக்கு ஓர் அங்குல மீன் என்று ஒரு பழைய விதி உண்டு. 45 லிட்டர் என்றால் ஏறக்குறைய 12 அமெரிக்க கேலன். அப்படியானால் ஓரங்குல மீன் பன்னிரண்டும், ஓரடி மீன் ஒன்றும் சமமா? நீளம் இரட்டித்தால் உடல் எடை எட்டு மடங்காகும், கழிவும் அதற்கேற்ப ஏறும். சின்ன, ஒல்லியான மீன்களுக்கு மட்டும் அந்த விதியை வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் வாங்கும்போது உள்ள நீளத்தை எடுக்காதீர்கள், முழுதாக வளர்ந்த நீளத்தைப் பாருங்கள். பாசி தின்னும் என்று தலையில் கட்டும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் போகும். இந்தத் தொட்டிக்கு வேண்டவே வேண்டாம்.

சரி, உங்களுக்கு என் பதில்: கப்பி என்ற சின்ன மீனில் ஆண் எட்டு. முதலில் மூன்று, மாதம் கழித்து மீதி. பெண் கப்பி ஒன்று வந்தாலும் கணக்கு கெட்டது. கடையிலேயே சினையாகியிருக்கும், மாதத்துக்கு ஒருமுறை குட்டி போடும். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். பத்துப் பன்னிரண்டுகூடத் தாங்கும்தான். ஆனால் சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. மே மாத இரவில் கரண்ட் போய் ஏர் பம்ப் நின்றால் அந்த இரண்டு மூன்று மீன்தான் வித்தியாசம்.

மிஞ்சிய மூன்றையும் மொட்டை மாடியில் பெரிய சிமென்ட் தொட்டி வைத்திருக்கும் நண்பனிடம் கொடுத்துவிட்டேன். இப்போது ஒவ்வொன்றும் என் கையளவு இருக்கிறது.