பட்டறையில் ஆர்டர் இல்லை, சென்செக்ஸ் மட்டும் ஏறுவது எப்படி?

கேள்வி: கோவையில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஆர்டர் பாதியாகக் குறைந்துவிட்டது. பங்குச் சந்தையோ ஏறுகிறது. ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்டில் பல ஆண்டுகளாக எஸ்.ஐ.பி. (மாதாமாதம் ஒரு தொகை போடும் முறை) மூலம் சேர்த்தது 9 லட்சம் ரூபாயாகியிருக்கிறது. இந்த ஏற்றத்தை நம்ப முடியவில்லை, மொத்தத்தையும் எடுத்துவிடலாமா? அடுத்த ஜூனில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு 3 லட்சம் தேவை.

பதில்: மொத்தத்தையும் எடுக்க வேண்டாம். எவ்வளவு எடுப்பது என்பதைச் சந்தையின் உயரத்தை வைத்து அல்ல, உங்களுக்குப் பணம் எப்போது தேவை என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

2020-ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் 23 அன்று மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் ஒரே நாளில் 3,900 புள்ளிகளுக்கு மேல் சரிந்து 26,000-க்குக் கீழே போனது. நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டது மறுநாள் இரவுதான். ஏப்ரல்–ஜூன் காலாண்டில் பொருளாதாரம் 23.9 சதவீதம் சுருங்கியதாக ஆகஸ்ட் 31-ல் அரசு சொன்னபோது, சென்செக்ஸ் 38,000-க்கு மேல் நின்றது. 2021 ஜனவரியில் 50,000-ஐத் தொட்டது. நடந்து முடிந்த காலாண்டின் கணக்கு நம் கைக்கு வருவதற்குள், பங்கு விலை அடுத்த சில ஆண்டுகளின் லாபத்தை எடைபோடத் தொடங்கிவிடுகிறது. வட்டி விகிதமும் சேர்ந்துகொண்டது: ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான ரெப்போ வட்டியை 2020 மே மாதத்துக்குள் 5.15-லிருந்து 4 சதவீதமாகக் குறைத்தது. டெபாசிட் வட்டி இறங்க, பங்குகளின் பக்கம் பணம் திரும்பியது.

இன்னொன்று, உங்கள் பட்டறை சென்செக்ஸில் இல்லை. அதிலுள்ளவை 30 பெரிய நிறுவனங்கள். அவற்றில் ஐ.டி. நிறுவனங்களின் வருமானம் பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்து வருகிறது. நம் உழைப்பாளர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் வேலை தரும் விவசாயம் அந்தப் பட்டியலில் நேரடியாக இல்லவே இல்லை. உங்கள் ஊரின் மந்தமும் உண்மை, அந்த நிறுவனங்களின் லாபமும் உண்மை. இதற்கு நேரெதிரும் நடக்கும்: 2007 அக்டோபரில் 6,124-ஐத் தொட்ட சீனாவின் ஷாங்காய் பங்குச் சந்தைக் குறியீடு, சீனப் பொருளாதாரம் அதன்பின் பல மடங்கு வளர்ந்தும் அந்த உயரத்துக்குத் திரும்பவில்லை.

எனவே கட்டணத்துக்கான 3 லட்சத்தை இப்போதே வங்கி டெபாசிட்டுக்கு மாற்றுங்கள். சந்தை விழும் என்று நான் கணித்துச் சொல்லவில்லை. விழுந்தால் ஜூனுக்குள் மீளும் என்று யாராலும் உறுதி தர முடியாது. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த ஃபண்ட் யூனிட்களை விற்கும்போது ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை; அதற்குள் அடங்குகிறதா என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. ஆர்டர் நிற்பதும் சந்தை சரிவதும் 2020-ல் ஒரே நேரத்தில் வந்தன. மறுபடியும் வரலாம். அப்போது ஆட்களின் கூலிக்காக யூனிட்களை அடிமாட்டு விலைக்கு விற்கும் நிலை உங்களுக்கு வரக் கூடாது. வீட்டுச் செலவு, கூலி, கடன் தவணை மூன்றுக்கும் சேர்த்து ஆறு மாதத் தொகை வங்கியில் இருக்கிறதா? இல்லையென்றால் அது சேரும்வரை எஸ்.ஐ.பி.-யைப் பாதியாகக் குறைத்து, மீதியை அங்கே போடுங்கள். எஞ்சிய 6 லட்சம் ஏழெட்டு ஆண்டுகளுக்குத் தேவைப்படாது என்றால் அப்படியே இருக்கட்டும்.