பழைய பென்ஸை எழுப்பி விற்கப் போகிறீர்களா? வாசகர் கேள்வி – பதில்

அப்பா வாங்கிய 1982 மெர்சிடிஸ் 280ஈ (டபிள்யூ123) காடி ஒன்பது வருடமாகத் தகரக் கொட்டகையில் நிற்கிறது. முழுசாகச் செய்து விற்கலாம் என்றிருக்கிறோம். முதலில் சாயம் அடித்துவிட்டால் வாங்க வருகிறவர்களுக்குப் பிடித்துப்போகும் என்கிறார் நோக்கிங் (தகடு தட்டிச் சாயம் அடிக்கும்) கடைக்காரர். சரியா?
– வாசகர், பட்டர்வொர்த்

சாயம் கடைசி வேலை. இந்த வகைக் காடியைத் தேடி வருகிறவர் சாவி கேட்பதற்கு முன்பே டார்ச்சோடு அடியில் படுத்துவிடுவார். சாயத்தின் கனம் அளக்கும் மீட்டரும் பலரிடம் இருக்கிறது. தொழிற்சாலைச் சாயம் பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன். மீட்டர் 600, 800 என்று காட்டினால் உள்ளே புட்டி (பள்ளம் நிரப்பும் பசை) என்று அவருக்குத் தெரியும். பேரம் அங்கிருந்து கீழே போகும்.

ஆகவே முதலில் துருவைத் தேடுங்கள், அதுவும் கடல் காற்று வீசும் ஊர் உங்களுடையது. கதவுகளுக்குக் கீழே, இரு பக்கமும் ஜாக் நுழைக்கும் துளைகள் நான்கு இருக்கும். அவற்றின் ரப்பர் மூடி தொலைந்திருந்தால் மழைத் தண்ணீர் பல வருடம் உள்ளே போயிருக்கும். துளையைச் சுற்றி மழுங்கிய ஸ்குரூடிரைவரால் அழுத்துங்கள். மொறுமொறுவென்று இறங்கினால் அந்த இடத்தை வெட்டி, 1.2 மி.மீ.க்குக் குறையாத தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். மேலே தகடு ஒட்டி மூடினால் பழைய துரு உள்ளேயே வளரும். அடுத்து பேட்டரித் தட்டின் அடி, முன் கண்ணாடியின் கீழ் மூலைகள், சக்கர வளைவுகள், பின்பக்கச் சாமான் அறையில் (பூட்) ஸ்பேர் டயர் வைக்கும் பள்ளம். சன்ரூஃப் இருந்தால் அதன் வடிகுழாய்களையும் பாருங்கள். இலைக்குப்பை அடைத்திருந்தால் தண்ணீர் கூரைத் துணிக்குள் இறங்கி, கடைசியில் கால் விரிப்பின் அடியில் தேங்கும். விரிப்பைத் தூக்காமல் விலை பேசும் ஃபோர்மேனிடம் (மெக்கானிக்) வேலையைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று: ஆசை தாங்காமல் பேட்டரி மாட்டி ஸ்டார்ட் அடித்துப் பார்க்க வேண்டாம். ஆறு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு ஓரிரவு ஊற விடுங்கள். மறுநாள் கிராங்க் போல்டில் 27 மி.மீ. சாக்கெட் வைத்துக் கையால் சுற்றுங்கள். எஞ்சின் ஓடும் திசையில் மட்டும். எதிர்த்திசையில் சுற்றினால் டைமிங் சங்கிலி தளர்ந்து பல் தாண்டலாம். தொட்டியில் பழைய பெட்ரோல் ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது. புளித்த பெட்ரோல், சிலிண்டர்களுக்குப் பெட்ரோலைப் பங்கிடும் ஃபியூவல் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பிசின் மாதிரி படிந்தால், ஒரு நாள் அவசரத்துக்கு அந்தப் பாகத்தின் முழு விலையைக் கொடுப்பீர்கள்.

வெட்டிய இடம், புதுத் தகடு, பிரைமர் என்று ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து ரசீதுகளோடு கோப்பில் சேருங்கள். மூடிய பிறகு உள்ளே என்ன செய்தீர்கள் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

முழுச் சாயம் அடித்து நான்கு மாதம்தான் ஆகிறது. கதவுகளின் அடியிலும் சக்கர வளைவுகளிலும் கொப்புளம். சாயம் மட்டமா?
– வாசகர், செந்தூல்

சாயத்தின் மேல் பழி போடாதீர்கள். ஒரு கொப்புளத்தை ஊசியால் குத்திப் பாருங்கள். பழுப்புத் தூள் வந்தால் துருவை முழுக்க எடுக்காமல் மூடியிருக்கிறார்கள். தெளிந்த தண்ணீர் கசிந்தால் புட்டியை ஈரத்தாளால் தேய்த்திருக்க வாய்ப்பு அதிகம். புட்டி பஞ்சு மாதிரி தண்ணீர் குடிக்கும். மேலே சாயம் மூடியதும் அந்த ஈரம் வெயிலில் ஆவியாகி, போக வழியில்லாமல் சாயத்தைத் தூக்கும்.

இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான்: அந்தப் பகுதியை வெறும் தகடு வரை உரிக்க வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் உரித்த தகட்டின் மேல் கை பட்ட தடம் மறுநாளே செம்மஞ்சளாகத் தெரியும். அதனால் ஒரு நாளில் முடிக்கக்கூடிய அளவு மட்டும் உரித்து, எண்ணெய்ப் பசையைத் துடைத்து, அன்றே எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட் அடிக்கச் சொல்லுங்கள். அதன் மேல் புட்டி, 2 அல்லது 3 மி.மீ.க்கு மேல் வேண்டாம். 80 கிரிட்டில் தொடங்கி 180 வரை உலர்ந்த தாளிலேயே தேய்க்க வேண்டும். பிறகு ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-பேக் பிரைமர் மூன்று கோட். கறுப்புத் தூள் பூசி, நீளக் கட்டையில் 320 தாள் சுற்றித் தேய்த்தால் பள்ளம் இருக்கும் இடத்தில் கறுப்பு நிற்கும். கையால் தேய்த்தால் விரல்கள் பள்ளத்தோடு சேர்ந்து இறங்கும், அலை மறையாது. பிரைமர் நன்றாகக் காய்ந்த பிறகு 600 ஈரத்தாள் போடலாம். கம்ப்ரசர் தொட்டியில் தேங்கும் தண்ணீரைத் தினமும் காலையில் திறந்து விடுகிறார்களா என்று போய்ப் பாருங்கள். அந்தத் தண்ணீர் ஸ்பிரே கன் வழியாகச் சாயத்துக்குள் போனாலும் இதே கதைதான்.

டூ-பேக் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற, மூச்சைப் பாதிக்கும் நச்சு இருக்கிறது. வாயில் துணி கட்டிக்கொண்டு வீட்டுப் பின்புறத்தில் அடிக்கிற வேலையல்ல. வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி வேண்டும்.

280ஈ-யில் காலையில் முதல் சுற்றிலேயே ஸ்டார்ட் ஆகிறது. ஓடி நிறுத்தி இருபது நிமிடம் கழித்து அடித்தால் சீக்கிரம் ஸ்டார்ட் ஆகாமல் இழுக்கிறது. கார்புரேட்டருக்கு மாற்றிவிடலாம் என்கிறார்கள்.
– வாசகர், ஆயர் ஈத்தாம்

மாற்றாதீர்கள். கே-ஜெட்ரானிக்கை (இந்தக் காடியின் அசல் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் அமைப்பு) எடுத்துவிட்ட காடியின் பொனட்டைத் திறந்ததும் நல்ல வாங்குநர் மூடிவிட்டுப் போய்விடுவார். உங்களுடையது அழுத்தம் நிற்காத கோளாறு. இந்த அமைப்பு சுமார் 5 பார் அழுத்தத்தில் ஓடும். எஞ்சின் நின்ற பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தம் தங்க வேண்டும், இல்லையென்றால் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குமிழி விடும். கேஜ் மாட்டி நிறுத்துங்கள். அரை மணி நேரத்தில் 2 பாருக்குக் கீழே விழுந்தால் கோளாறு பம்பின் செக் வால்வில் அல்லது அழுத்தத்தைத் தாங்கி வைக்கும் அக்குமுலேட்டரில். அக்குமுலேட்டரின் பின்பக்கச் சின்னக் குழாயைக் கழற்றும்போது பெட்ரோல் சொட்டினால் உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது. பாகத்தையே மாற்ற வேண்டும். இதையெல்லாம் பார்க்காமல் 3 மி.மீ. ஆலன் கீயை விட்டு மிக்ஸ்சரை (பெட்ரோல்–காற்றுக் கலவை) திருகுகிற ஃபோர்மேனின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

செய்து விற்க 280ஈ நல்லதா, 230ஈ நல்லதா?
– வாசகர், ஜெலுத்தோங்

உடல் வேலை இரண்டுக்கும் ஒரே செலவு. ரோட் டாக்ஸ் ஒன்றல்ல. தனிநபர் பெயரில், தீபகற்பத்தில், 2,299 சிசி 230ஈ-க்கு வருடம் 679 வெள்ளி (ரிங்கிட்). 2,746 சிசி 280ஈ-க்கு 1,495 வெள்ளி. ஆறு சிலிண்டர்தான் வேண்டும் என்பவர் இதைப் பார்க்க மாட்டார், ஆனால் அப்படிப்பட்டவர்கள் குறைவு. ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை கக்கினாலோ, சிலிண்டர்களுக்கிடையே கம்ப்ரஷன் வித்தியாசம் 1.5 பாரைத் தாண்டினாலோ 280-ஐத் தொடாதீர்கள்.

சீட் தோல் நன்றாக இருக்கிறது, உட்கார்ந்தால் மட்டும் ஒரு பக்கம் சரிகிறது. தோலை மாற்றவா?
– வாசகர், கிள்ளான் சாலை

அது தோலே இல்லாமலும் இருக்கலாம். பென்ஸின் எம்பி-டெக்ஸ் வினைல் தோல் என்று பலரை ஏமாற்றியது. சீட்டின் அடியில் தரையைப் பாருங்கள். காப்பித்தூள் மாதிரி உதிர்ந்து கிடந்தால் ஸ்பிரிங்குக்கு மேலிருக்கும் நார்ப் பஞ்சு பொடியாகிவிட்டது. பஞ்சை மாற்றி, ஸ்பிரிங்கின் துருவைத் தேய்த்துச் சாயம் பூசி, பழைய உறையையே போடுங்கள். அசல் உறைக்குத்தான் மதிப்பு.

நிறம் கரும்நீலம். கறுப்பாக மாற்றினால் சீக்கிரம் விற்குமா? வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?
– வாசகர், பிறை

ரேடியேட்டருக்கு மேலே உள்ள குறுக்குத் தகட்டில் ஒரு சின்னப் பட்டயம் இருக்கும். அதில் நிற எண் 904 என்றிருந்தால் காடி கரும்நீலமாகவே பிறந்தது. அதை 040 கறுப்பாக்கினால் ஜேபிஜே-யில் (சாலைப் போக்குவரத்து இலாகா) சொல்லி கெரானில் (உரிமைச் சான்று) நிறத்தை மாற்ற வேண்டும், கதவு இடுக்கு, பூட் உள்பக்கம் எல்லாம் அடிக்க வேண்டும், கடைசியில் பட்டயமும் சாயமும் ஒத்துப்போகாத காடி ஒன்று உங்கள் கையில் இருக்கும். நீலத்திலேயே விடுங்கள்.

கவனிக்க வேண்டியது எஞ்சின் அறையின் பின்சுவரில் குத்தியிருக்கும் சேசிஸ் எண். மணல் பாய்ச்சித் துரு எடுக்கும்போது எழுத்து மழுங்கும். பிரைமர் கனமாக ஏறினால் பள்ளம் நிரம்பும். இரண்டில் எது நடந்தாலும் பெயர் மாற்றத்துக்கான பி5 பரிசோதனையில் மாட்டிக்கொள்ளும். வாங்கியவர் பணத்தோடு காத்திருக்க, நீங்கள் எண்ணை நிரூபிக்க அலைவீர்கள். காடியைக் கடைக்கு அனுப்பும் முன்பே அந்த எண்ணைப் படம் எடுத்து, தடித்த டேப் இரண்டு சுற்று ஒட்டி, அதன் மேல் ‘தொடாதே’ என்று மார்க்கரில் எழுதிவிடுங்கள்.