'நல்லாத்தான் இருக்கேன்' என்பவருக்கு ஆஸ்துமா கட்டுக்குள் இருக்கிறதா?

கேள்வி: 72 வயது அப்பா நலமாக இருப்பதாகவே சொல்கிறார். ஆனால் 6 மாதத்தில் இரண்டு முறை நள்ளிரவில் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டியதாயிற்று. ஏன் இப்படி?

அவர் மறைக்கவில்லை. வயது ஏற ஏற மூச்சுக்குழாய் சுருங்குவதை உணரும் திறன் மங்குகிறது. போதாக்குறைக்கு, படி ஏறுவதையும் நடப்பதையும் தாமாகவே குறைத்துக்கொள்வார்கள்; இளைப்பு வெளியே தெரியாது. மிச்சத்தை 'வயசாச்சு' என்று ஒதுக்கிவிடுவார்கள்.

அதனால் பொதுவாக நலம் விசாரித்துப் பயனில்லை. கடந்த 4 வாரங்களைப் பற்றிக் கேளுங்கள். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் இளைப்பு வந்ததா? உடனடி நிவாரண இன்ஹேலரை வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் எடுத்தாரா? ஒரு இரவாவது இருமலில் விழித்தாரா? எந்த வேலையையாவது கைவிட்டாரா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் நோய் முழுக் கட்டுப்பாட்டில் இல்லை.

அடுத்து, இன்ஹேலரை உங்கள் கண்முன் எடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் கோளாறு இங்கேதான். அழுத்துவதும் இழுப்பதும் ஒன்றுசேராமல் மருந்து தொண்டையிலேயே படிந்துவிடும். ஸ்பேசர் (இன்ஹேலரின் வாயில் மாட்டும் குழல்) பொருத்தி, மெதுவாக இழுத்து, 10 விநாடி மூச்சை அடக்க வேண்டும். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இளைப்பு இல்லாத நாளிலும் அந்த இன்ஹேலரை நிறுத்தக் கூடாது.

கண் அழுத்தத்துக்கு டைமோலால் சொட்டு மருந்து போடுகிறாரா? அதுவே மூச்சுக்குழாயைச் சுருக்கும். மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். இளைப்போடு கால் வீக்கமும் இருந்தால் இதயத்தையும் பரிசோதிக்க வேண்டும்.