ஐ.சி.யூ.ல எடுத்த தைராய்டு ரிப்போர்ட்

கேள்வி: டாக்டர், எங்க அம்மாவுக்கு 61 வயசு. நிமோனியா வந்து தஞ்சாவூர்ல ஆறு நாள் ஐ.சி.யூ., அப்புறம் ஒரு வாரம் வார்டுல இருந்தாங்க. ரெண்டாம் நாள் ரிப்போர்ட்டுல டி3 கம்மி, டி.எஸ்.ஹெச். 0.3. வீட்டுக்கு வர்ற அன்னிக்கு எடுத்ததுல டி.எஸ்.ஹெச். 9.2. முன்னாடி தைராய்டு எதுவும் கிடையாது. பக்கத்து வீட்டு அத்தை, "எனக்கும் இதே தான்டி"ன்னு அவங்க மாத்திரையிலேர்ந்து ஒரு அட்டை குடுத்துட்டாங்க. அம்மாவுக்குப் போடலாமா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: முதல்ல அந்த அட்டையை அத்தைகிட்டயே குடுத்துடுங்கம்மா, அவங்க கோச்சுக்காத மாதிரி. டி.எஸ்.ஹெச்.ங்கிறது தைராய்டை 'சுர, சுர'ன்னு மூளைப் பக்கத்துலேர்ந்து விரட்டுற ஹார்மோன், சுரப்பு கூடினா அது குறையும், சுரப்பு குறைஞ்சா அது கூடும். இப்ப ரிப்போர்ட்டைப் பாருங்க, 0.3ஐ வெச்சு சொன்னா தைராய்டு ஓவரா சுரக்குது, 9.2ஐ வெச்சு சொன்னா சுரக்கவே மாட்டேங்குது. ரெண்டு வாரத்துல ஒரே சுரப்பி இப்படி ரெண்டு பக்கமும் கெட்டுப்போகுமா என்ன!

மேட்டூர்ல தண்ணி இறங்கினா நம்ம பக்கம் முறை வெச்சு தானே விடுவாங்க, அதுக்காக வாய்க்கால் தூர்ந்து போச்சுன்னு யாரும் சொல்றதில்லையே. பெரிய காய்ச்சல், நிமோனியா, ஆபரேஷன், மாரடைப்புன்னு எது வந்தாலும் உடம்பும் அதைத்தான் பண்ணுது, தைராய்டு சுரக்கிற டி4 ஹார்மோனை, உடம்புல வேலை செய்யிற டி3யா மாத்துறதைக் குறைச்சுடுது, அதனால டி3 ஒரே நாள்ல கூட இறங்கிடும், டி.எஸ்.ஹெச்.சும் குறையலாம், நோய் ரொம்ப முத்தினா டி4-உம் இறங்கும். இதுல பிரஷர் இறங்கினா ஏத்துற டோபமின், ஸ்டீராய்டு ஊசி எல்லாம் டி.எஸ்.ஹெச்.சை இன்னும் அமுக்கும். உடம்பு தேறி வர்றப்ப அதே டி.எஸ்.ஹெச். கொஞ்ச நாளைக்கு நார்மலைத் தாண்டி மேல போகும், பெரும்பாலும் 20க்குள்ள நிக்கும். அம்மாவோட 9.2 அந்தக் கணக்குதான்னு எனக்குத் தோணுது.

என்னைக் கேட்டா, வலுவான சந்தேகம் இல்லாம படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு இந்த டெஸ்டை எடுக்காம இருக்கிறதே மேல். சந்தேகம்னா, கழுத்துல வீக்கம், காரணமே தெரியாம நாடி தாறுமாறா ஓடுறது, இல்ல உடம்பு சில்லுனு ஆகி நாடி ரொம்ப மெதுவா போய் நினைவு தப்புறது, இந்த மாதிரி. டி.எஸ்.ஹெச். 20ஐத் தாண்டினாலோ, டி.எஸ்.ஹெச். கூடி அதோட டி4-உம் கம்மியா இருந்தாலோ அதை சும்மா விடக்கூடாது. இன்னொண்ணு, ஏற்கெனவே தைராய்டு மாத்திரை போடுறவங்க ஆஸ்பத்திரியில சேர்ந்தா அதை டாக்டர்கிட்ட மறக்காம சொல்லணும், மத்த மாத்திரை கலாட்டாவுல இது விட்டுப்போறதை நிறைய பாத்திருக்கேன்.

அம்மா நல்லா சாப்பிட்டு நடமாட ஆரம்பிச்சு ஒரு ஆறு வாரம் போகட்டும், அப்புறம் டி.எஸ்.ஹெச்., ஃப்ரீ டி4 (ரத்தத்துல எதோடயும் ஒட்டாம இருக்கிற டி4) ரெண்டையும் எடுத்துட்டு பழைய ரிப்போர்ட்டோட உங்க டாக்டரைப் பாருங்க. நடுவுல ரொம்ப அசதி, முகம் உப்புறது, குளிர் தாங்காம போறதுன்னு வந்தா ஆறு வாரம்னு காத்திருக்க வேணாம். முடி கொட்டுறதுக்கு பயோட்டின் மாத்திரை போடுறாங்களா? அப்படின்னா டெஸ்டுக்கு ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்திடுங்க, இல்லேன்னா அதுவும் ரிப்போர்ட்டைக் குழப்பிடும்.